வேதாக்கா குவாங்சோவில் வாய் மூடினார்

பூசணிக்காய்க்குக் காம்பு வரைந்து முடித்ததும் வேதவள்ளி தூரிகையைக் கொண்டையில் செருகிக்கொண்டு கடையைவிட்டு வெளியே வருகிறார். ஆக்லாந்தின் பக்குரங்கா பிளாசாவில் கார்கள் நிற்கும் திடலைக் குறுக்கே கடந்து, அந்தக் கோடியிலுள்ள பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி நின்று, காய்கறிக் கடைக் கண்ணாடியில் தான் எழுதியதைப் பார்க்கிறார். எழுத்தெல்லாம் ஆங்கிலம். மழையில் கரையாமல் இருக்க, கண்ணாடியின் உட்பக்கம் நின்று இடவலம் மாற்றி எழுதுவார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் யாரானாலும் அவரிடம் ஒரு கேள்வி உண்டு: அங்கே என்ன எழுதியிருக்கிறது, வாசிக்க முடிகிறதா?

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் அகப்பட்டவள் நான். என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். ஒண்டும் வடிவாத் தெரியேல்லை அக்கா" என்றேன்.

"கண்ணாடி இல்லாதவங்களுக்கும் தெரியணும்லா! அதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவெனத் திரும்பிப் போனார். நான் பஸ் ஏறுவதற்குள் எழுத்துகள் கொஞ்சம் கொழுத்திருந்தன. எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

வேதாக்காவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மலாய் நாட்டு ஈப்போவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். குள்ளம். மூக்குக் கண்ணாடியைச் சப்பாத்துக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கணவர் குணசீலன் அதே நாட்டுக் கெடாக்காரர், இங்கே ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. ஒரே மகள் விஷாலினி, தாய் தமிழில் கேட்கும் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள்.

மோசமாக எழுதிய எழுத்தைக் கண்டால் அவரால் தாண்டிப் போக முடியாது. ஒருமுறை காணாமற்போன பூனைக்காக யாரோ விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, பாதி வழியில் இறங்கி, கைப்பையிலிருந்த தடித்த பேனாவால் அதைத் திருத்தி, பூனைக்கு ஒரு மீசையும் வரைந்துவிட்டு வந்தார். "பூனை கிடைச்சிருச்சுலா. ஆனா அந்த அம்மா காகிதத்தை எடுக்கல. மீசை நல்லா இருக்காம்."

வெற்றுப் பிஸ்கட்டைப் பச்சை மிளகாயோடு கடித்துச் சாப்பிடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி "பசியாறியாச்சா?" என்பது. பதில் எதுவானாலும் பிஸ்கட்டும் மிளகாயும் வந்துவிடும்.

நாற்பத்தைந்தாவது வயதில் நகரத்திலுள்ள ஒரு கலைக்கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். காலையில் வகுப்பு, பிற்பகலில் கடைக் கண்ணாடிகள். இரண்டாம் வருடத்தில், 1997 தொடக்கத்தில், கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு செய்தி தொங்கியது. தென் சீனாவில் குவாங்சோ நகரத்துக் கலைப்பள்ளி மாணவர்களும் ஆக்லாந்து மாணவர்களும் சேர்ந்து ஆறு வாரம் ஒரே கூடத்தில் வேலை செய்யலாம். ஓவியம், வீடியோ, ஒலி, எது வேண்டுமானாலும். ஒரே நிபந்தனை, தனியாக யாரும் எதுவும் செய்யக்கூடாது. இரு ஊர்க்காரரும் கலந்த குழுவாகத்தான் செய்ய வேண்டும்.

வேதாக்கா பெயர் கொடுத்தார். விரிவுரையாளர் தயங்கித் தயங்கி, அங்கே மாணவர் விடுதி, எட்டுப் பேருக்கு ஓர் அறை, அடுக்குக் கட்டில் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "எனக்கு மேல் கட்டிலே கொடுங்க. கீழே படுத்தா தலை இடிக்கும்" என்பதுதான் பதில்.

வீட்டில் மகள், அங்கே எல்லாரும் தன் வயதுப் பிள்ளைகள், அம்மா எப்படிச் சமாளிப்பாள் என்று ஆங்கிலத்தில் கவலைப்பட்டாள். குணசீலன் ஒன்றுதான் கேட்டார்.

"அங்க போயி என்னா செய்யப்போற, வேதா?"

"தெரியலைங்க. அதுக்குத்தான் போறேன்."

ஜூன் மாதம் போய் இறங்கினார்கள். பதினான்கு மாணவர்கள், ஓர் ஆசிரியர். விமான நிலைய வாசலில் வேன் ஓட்டுநருக்கும் வரவேற்க வந்த சீனப் பையன்களுக்கும் மூட்டைகளை எங்கே ஏற்றுவது என்று சண்டை. சண்டை அந்த ஊர்ச் சீனப் பேச்சான கான்டனீஸில் நடந்தது. வேதாக்கா தன்னை அறியாமல், "பெரியதைக் கீழே போடு, சின்னதை மேலே போடு, இதுக்கு எதுக்குய்யா சத்தம்?" என்று அதே மொழியில் குறுக்கே விழுந்தார். ஈப்போவில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வரிசையாகச் சீனக் கடைகள். அந்தச் சந்தில் விளையாடி, சண்டை போட்டுப் பழகிய பேச்சு அது. நடுவில் மலாய்ச் சொல்லும் விழும். சீனப் பையன்கள் மூட்டைகளைக் கீழே வைத்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

"அந்த ஒரு வார்த்தையோட என் கதை முடிஞ்சதுலா" என்று வேதாக்கா நெற்றியில் தட்டிக்கொள்கிறார்.

மறுநாளிலிருந்து எல்லாத் திசையிலிருந்தும் "வேதா! வேதா!" சாப்பாட்டுக் கூடத்தில் முட்டை சேர்க்காத சோறு கேட்க வேதா. தண்ணீர்க் குழாய் உடைந்தால் வேதா. ஒரு பெண்ணுக்குப் பல்வலி வந்தபோது மருத்துவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வேதா. எத்தனை குழுக்கள் இருந்தனவோ அத்தனைக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கூப்பிடுகிற எல்லோருக்கும் அவர் வாயில் வந்தது தமிழ்தான்: "இரு, இரு!" ஒரு வாரத்தில் சீனப் பிள்ளைகளே ஒருவரையொருவர் "இரு, இரு" என்று நிறுத்தப் பழகிவிட்டார்கள்.

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டாவது வாரம் என் காகிதத்தை எடுத்துப் பார்த்தா ஒரு கோடு இல்ல. நான் படம் போட வந்தவள்லா. எல்லாரும் என் வாய் வழியா படம் போட்டுக்கிட்டு இருக்காங்க."

அவருடைய சொந்தக் குழுவில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவன் ஹேமிஷ், ஆக்லாந்துப் பையன், வீடியோ கேமராவைக் கீழே வைக்காதவன். இன்னொருத்தி சியூ ஃபான், குவாங்சோப் பெண், இருபது வயது, கோபக்காரி. பழைய சந்து ஒன்றைப் படம் எடுப்பதென்று முடிவு. அந்தச் சந்துச் சுவர்களில், வட்டத்துக்குள் ஒரே ஓர் எழுத்து, வெள்ளைச் சுண்ணாம்பில், ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. வேதாக்கா முதலில் அந்தக் கை வீச்சைப் பார்த்து மயங்கி நின்றாராம். பிறகுதான் சியூ ஃபான் பொருள் சொன்னாள்: 'இடி.' அந்த எழுத்து விழுந்த வீடுகளெல்லாம் இடிபடப் போகின்றன.

ஹேமிஷ் கேமராவைச் சுவரை நோக்கித் திருப்பினான். இடியப்போகும் வீடுகளின் துக்கத்தைத்தான் படமாக்க வேண்டும் என்றான். சியூ ஃபானின் அத்தை வீடும் அந்தச் சந்தில்தான் இருந்தது. அத்தை துக்கப்படவே இல்லை. தனிக் குளியலறையோடு புது ஃபிளாட் கிடைக்கப் போகிறதென்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்த சுவரை மட்டும் காட்டி எங்களைப் பரிதாபமாக்காதே என்றாள் சியூ ஃபான்.

இதில் அகப்பட்டவர் வேதாக்கா. ஹேமிஷின் பேச்சை அப்படியே சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். அவள் பேச்சைச் சொன்னால் அவன் முகம் வாடிவிடும். அதனால் இரண்டு பக்கமும் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். அவளுக்குச் சொன்னது: "உன் அத்தையோட சந்தோஷம் அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு." அவனுக்குச் சொன்னது: "பழைய சுவர் அழகுன்னு அவளும் ஒத்துக்கிறா." நான்கு நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் படப்பிடிப்பு. ஹேமிஷ் அத்தையை உடைந்த படிக்கட்டில் உட்காரவைத்து, சிரிக்க வேண்டாம் என்று கையால் காட்டினான். சியூ ஃபான் கேமராவின் முன்னால் வந்து நின்றாள். அவன் ஆங்கிலத்தில் கத்த, அவள் கான்டனீஸில் கத்த, கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வேதாக்காவிடம் திரும்பினார்கள். கேட்டது ஒரே கேள்வி: நீ அங்கே என்னதான் சொன்னாய்?

"எனக்குக் காது மடலெல்லாம் சுட்டுருச்சு. ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்க. நடுவுல நான்தான் சுவரு."

அன்று மாலை கூடத்துக்குத் திரும்பியதும் பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றை எடுத்துத் தரை முழுக்க விரித்தார். ஆளுக்கொரு கரித்துண்டு கொடுத்தார். ஒரே விஷயத்தை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு கான்டனீஸிலும் சொன்னார்: சர்க்கரை போட்டது நான்தான். இனி உங்களுக்காக ஒரு சொல்லும் பேச மாட்டேன். சொல்ல வேண்டியதை வரையுங்கள்.

ஹேமிஷ் கெஞ்சினான். ஆசிரியர் வந்து சமாதானம் பேசினார். மற்றக் குழுக்காரர்கள் வாசலில் வந்து "வேதா?" என்றார்கள். அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். சிலர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சோற்றுக் கிண்ணத்தோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மேல் கட்டிலில் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாராம்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்னா? வரைஞ்சாங்க."

ஹேமிஷ் உடைந்த சுவரை வரைந்தான். சியூ ஃபான் அதன்மேல் கொடி கட்டித் துணி காயப் போட்டாள். அவன் இருண்ட படிக்கட்டு வரைந்தான். அவள் அதே படியில் வெளிக் கழிவறைக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் ஆட்களை வரைந்தாள். அவன் அந்த வரிசையின் கடைசி ஆளாகத் தன்னை வரைந்துகொண்டான். அவள் முதல் தடவையாக அவனைப் பார்த்து உண்மையாகச் சிரித்தாள்.

வேதாக்கா அந்தப் பக்கம் போகவே இல்லை. கூடத்தின் மறு சுவரில் இன்னொரு காகிதத்தை ஒட்டி, துடைப்பத்தை மையில் தோய்த்து, கதவளவுக்கு ஒரே ஒரு சொல்லை எழுதினார். இருபது வருடமாக ஆங்கிலத்தில் கோழிக்கும் கோசுக்கும் எழுதிய கை. தமிழில் அத்தனை பெரிதாக ஒருநாளும் எழுதியதில்லை. எழுதிய சொல் 'இரு'.

சியூ ஃபான் வந்து, அது என்ன சொல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இது அத்தை வீட்டுக்குச் சொல்வதா என்று கேட்டாள். இடி என்ற எழுத்துக்குப் பதிலா?

"வீட்டுக்கு எதுக்கு? அது போகட்டும். உங்க ரெண்டு பேருக்கும் சொன்னேன்" என்றாராம். அந்தச் சொல்லுக்கு 'வாழ்' என்றும் பொருள் உண்டு, 'இரண்டு' என்றும் பொருள் உண்டு என்பதை அவளுக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் தனக்கே அது உறைத்தது என்கிறார்.

மறுவாரம் அத்தை வீடு மாறினார். நிலைக்கண்ணாடியைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. ஹேமிஷ் தன் கேமராவை வேதாக்காவின் கையில் திணித்துவிட்டு கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவர் அதுவரை கேமராவைத் தொட்டதே இல்லை. அப்படி எடுத்த அந்தக் காட்சிதான் கடைசியில் அவர்களுடைய படம். அத்தை முன்னால் சிரித்துக்கொண்டே பின்னோக்கி நடக்கிறார், பின்னால் ஹேமிஷ், இருவருக்கும் நடுவே ஆடி ஆடி வரும் கண்ணாடியில் அந்தச் சந்தின் சுவர்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. பழுப்புக் காகிதச் சுருளைச் சுவரைச் சுற்றி ஒட்டி, நடுவில் அந்தக் காட்சியைத் திரையிட்டார்கள். கண்காட்சிக்கு அத்தை அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டிவந்து, தன் முகம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றாராம். பார்க்க வந்த ஒரு பேராசிரியர், துக்கம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹேமிஷ்தான் அதற்கு முதலில் சிரித்தவன்.

திரும்பி வந்த வேதாக்கா ஆளே மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அதே கொண்டை, அதே பிஸ்கட், அதே பூசணிக்காய். சென்ற வருடக் கடைசியில் படிப்பும் முடிந்தது. எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கும் ஏதாவது உரசல் வந்தால், முன்பெல்லாம் இடையில் புகுந்து இரு பக்கமும் தட்டிக்கொடுப்பார். இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "அவங்களே பேசட்டும்லா, பெரிய ஆளுங்கதானே" என்கிறார்.

இந்த ஆண்டு குவாங்சோ மாணவர்களின் முறை. சியூ ஃபான் ஆக்லாந்துக்கு வந்து வேதாக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். போன சனிக்கிழமை மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். குணசீலன் ஒரு பக்கம், அந்தப் பெண் எதிர்ப்பக்கம், மேசைத் தலைமாட்டில் வேதாக்கா. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு போட்ட கோழிக்குழம்பு. குணசீலன் பின்கட்டில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுப் பிள்ளைபோல வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியின் இலைகள் குழம்பில் மிதந்தன. சியூ ஃபான் ஓர் இலையை விரலில் எடுத்து, முகர்ந்து, அவரைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டாள். கெடாவில் பிறந்த குணசீலனுக்கு மலாய் தெரியும், அந்தச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது.

"வேதா, இந்தப் பிள்ளை என்னா கேக்குது?"

சியூ ஃபானும் வேதாக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வேதாக்கா எங்கள் மூவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த பெரிய உருளைக்கிழங்கை முழுதாக எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கன்னமும் உப்ப, ஆற அமர மெல்லத் தொடங்கினார்.