புகைப்பெட்டியும் மாடி வீட்டு டீச்சரும்

இருட்டிய பிறகு வீட்டுப் பின்பக்கத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டால், மீனுக்கும் இறைச்சிக்கும் புகை போடுகிற புகைப்பெட்டி வைத்துத் தொழில் நடத்துகிறவளுக்கு முதலில் திருடன் நினைவு வரும், அடுத்துப் பேய் நினைவு வரும், கடைசியாகத்தான் சூடு ஆறும் தகரம் சுருங்குகிற சத்தம் அது என்று புத்திக்கு எட்டும். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையில் தோசைத்திருப்பியோடு, கர்த்தர் ஜெபத்தைப் பாதியிலிருந்து சொல்லிக்கொண்டு நின்றேன். வீட்டிலேயே தொழில் பார்க்கிற சகோதரிகளே, ஊறுகாய் ஜாடி ராத்திரியில் சத்தம் போடாது. தையல் மெஷின் தானாகத் தீப்பிடிக்காது. நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் இதில் வந்து மாட்டியது இப்படி. என் வீட்டுக்காரர் கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடுகிற ஓட்டல் ஒன்றில் சமையல்காரர். மீன், பன்றி இறைச்சி, சீஸ் எல்லாவற்றுக்கும் ருசியும் மணமும் ஏற அங்கேயே புகை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கப்பலில் வேலை கிடைத்து அவர் போனதும் புகையும் நின்றுபோனது. ‘வீட்டில் போட்டுத் தர முடியுமா?’ என்று ஓட்டலில் என்னைக் கேட்டார்கள். கான்வென்டில் எனக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள், பாவத்துக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்தார்கள், தீ மூட்ட மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

நாங்கள் குடியிருந்தது கரமனையில், கீழ் வீட்டில். மாடியில் வீட்டுச் சொந்தக்காரி. ரிட்டயரான கணக்கு டீச்சர், மலையாளம் கலந்துதான் பேசுவார்; என்னைக் கூப்பிடுவது ‘கொச்சே’, பெண்ணே என்று அர்த்தம். புருஷன் ஊரில் இல்லாமல் கைப்பிள்ளையோடு இருக்கிறவளுக்கு வீடு கிடைப்பது என்ன பாடு என்று உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும். மாடிப்படியில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றுவிடுவேன்.

பெயின்ட்

முதல் பெட்டி ஒரு டிரம். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்த செல்வராஜ் செய்து கொடுத்தான். மார்த்தாண்டத்துக்காரன், எங்கள் சபைதான். எண்ணெய் டிரம்மை வாங்கி, உள்ளே கம்பி வலை இரண்டு தட்டு வைத்து, கீழே தீப்போட ஒரு சின்னக் கதவு வெட்டி, மேலே புகை போக ஒரு குழாய் பற்றவைத்து, ஆட்டோவில் ஏற்றி அவனே கொண்டுவந்து இறக்கினான். பார்க்க அம்சமாக இருந்தது. உள்ளும் புறமும் வெள்ளி மாதிரி மின்னியது. நான் கண்ணாடி பார்க்கிற மாதிரி அதில் எட்டிப் பார்த்தேன்.

விழிஞ்ஞத்திலிருந்து வந்த நெய்மீனை, அதாவது வஞ்சிரத்தை, துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் உலர்த்தி, வலையில் அடுக்கித் தீயை மூட்டினேன். நல்ல நிறம் வந்தது. வாயில் வைத்தால் புதிதாகப் பெயின்ட் அடித்த ஜன்னலை நக்கின மாதிரி இருந்தது. சாப்பாட்டுச் சாமான் வைக்கிற பெட்டிக்குள் எவனாவது பெயின்ட் அடிப்பானா? அடுத்த பஸ்ஸிலேயே சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். பட்டறையில் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். செல்வராஜுக்கு என் கோபம் கடைசிவரை புரியவில்லை.

“எக்கா, வெள்ளக்காரன் திங்கப்போற மீனு கெடக்குற பெட்டியில்லியா? ஒரு பளபளப்பு வேண்டாமா? அதுக்காக்கும் காசு வாங்காம உள்ளயும் அடிச்சு விட்டேன்.”

உருகியது

பெயின்ட் முழுவதும் எரிந்து போகிறவரை வெறும் டிரம்மில் தீப்போட்டு எடுத்தேன். பிறகு மீன் சரியாக வந்தது. பன்றி இறைச்சியும் வந்தது. எனக்கும் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் ஓட்டலிலிருந்து வந்த சீஸ் கட்டிகளையும் அதே வலையில் அடுக்கிவிட்டேன். மீனும் இறைச்சியும் சூட்டில் வெந்துகொண்டே புகையைக் குடிக்கும். சீஸுக்குச் சூடு ஆகவே ஆகாது, ஆறின புகைதான் வேண்டும். இதை இப்போது நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்றைக்குச் சொல்ல யாருமில்லை.

சீஸ் வலை வழியாக ஒழுகித் தணலில் விழுந்தது. குபீரென்று தீ எழும்பிக் குழாய் வழியே வெளியே வந்தது. நான் பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஓடின பிறகுதான் வாளியும் கிணறும் பின்பக்கத்தில் இருக்கின்றன என்பது ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்ணைப் போட்டு அணைத்தார்கள். டீச்சர் படியில் இறங்கி வந்து, கரிந்த டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னொரு பிராவஸ்யம் இப்படி ஆச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிக்கோ, கொச்சே” என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். சாமான் எடுக்க வந்த பாபு, ஓட்டலில் என் வீட்டுக்காரருக்குக் கீழே வேலை பார்த்தவன், டிரம்மின் அடியில் குச்சியை விட்டுக் கிளறினான்.

“அக்கா, மெனு கார்டுல இதுக்கு என்ன பேரு எழுதட்டும்?”

நாத்தனார் தேடிய தண்ணீர்

டிரம் வேண்டாம், தீ ஒரு பக்கமும் சாமான் இன்னொரு பக்கமுமாக இருக்கிற பெட்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். செல்வராஜ் காயலான் கடையிலிருந்து ஓடாத பிரிட்ஜ் ஒன்றைப் பிடித்தான். கதவு நன்றாகப் பொருந்தும், புகை வெளியே கசியாது, தட்டு வைக்க ஏற்கெனவே இடம் இருக்கிறது. உள்ளே இருந்த பிளாஸ்டிக்கையும் பஞ்சையும் முழுவதும் பிய்த்து எறிந்துவிட்டு இரும்புத் தகடு வைக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்று பெயின்ட் டப்பா எதையும் அவன் தொடாமல் பார்த்துக்கொண்டேன். தீக்குத் தனியாக ஒரு அடுப்பு, அங்கிருந்து முழ நீளத்தில் ஒரு குழாய். பின் வராந்தாவில் பார்க்க அசல் பிரிட்ஜாகவே நின்றது.

அதுதான் வினையாயிற்று. நாகர்கோவிலிலிருந்து என் நாத்தனார் வந்தாள். வெயிலில் பஸ்ஸில் வந்த களைப்பு. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். “மதினி, நீங்க எழும்பாண்டாம், நானே தண்ணி எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே நிறுத்திவைத்திருந்த புகை அத்தனையும் அவள் முகத்தில் வந்தது. புகை விலகினபோது கொக்கியில் பன்றி இறைச்சி வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தாமலே கூடத்துக்கு ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“உங்க பிரிட்ஜுல தண்ணி இல்லேன்னாலும் பரவாயில்ல மதினி, அது எதுக்கு பீடி குடிக்கி?”

மரத்தின் குலம் கோத்திரம்

புகைக்கு எந்த மரம் என்பது அடுத்த தலைவலி. தேங்காய்த் தொண்டு, அதாவது மட்டை, போட்டால் புகை கண்ணைப் பிடுங்கும், மீன் கசக்கும். ஒருமுறை மரமில்லில் கிடைத்த தூளை எதுவும் கேட்காமல் வாங்கிவந்து போட்டுவிட்டேன். அது ரப்பர் மரத்தூள்; ரப்பர் மரத்துக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றுவார்களாம். நல்லவேளை, அடுப்பிலேயே நாற்றம் காட்டிக்கொடுத்தது, சாமான் வைக்கவில்லை. மாம்பழத் துண்டைக் கையில் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்த என் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அந்த அடுப்பை உடனே அணைத்தேன். என் வீட்டில் ஒரு வாய் உண்டு. ஊரார் வாயும் அதே போலத்தானே.

அதற்குப் பிறகு மில்லுக்குப் போனால் விசாரணைதான். மாவா பலாவா, பச்சை மரமா காய்ந்ததா, வார்னிஷ் பட்டதா, பிளைவுட் தூள் கலந்ததா? குவியலுக்குள் கையை விட்டு முகர்ந்து பார்ப்பேன். மில் மேனேஜர் சாக்கைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், மாமரம் எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று நான் கேட்டபோதுதான் சாக்கைக் கீழே வைத்தார்.

“சேச்சி, எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பையன் பார்த்தப்போகூட நாங்க இத்தனை அன்வேஷிக்கல.”

பக்கத்து வீட்டுச் சட்டை

பிரிட்ஜ் பெட்டியில் எல்லாம் சரி, கதவைச் சுற்றியிருந்த ரப்பர் மட்டும் நாளாக ஆக இளகிவிட்டது. இடுக்குகளில் புகை கசிந்தது. காற்று அடித்தால் நேராக மாடி ஜன்னலுக்குப் போகும், அடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் உட்காரும். டீச்சர் மறுபடியும் இறங்கி வந்தார். இந்த முறை எச்சரிக்கை இல்லை. மாதம் முடிவதற்குள் ஒன்று புகை போகவேண்டும், இல்லை நான் போகவேண்டும்.

வீடு தேடினேன். மணக்காட்டில் ஒருவர் புருஷன் எங்கே என்று கேட்டார். கப்பலில் என்றேன். “அவர் வந்தப்புறம் வாங்க” என்று கேட்டைச் சாத்தினார். வஞ்சியூரில் ஒரு அம்மாள் என்ன தொழில் என்று கேட்டாள். சொன்னேன். அவளும் சாத்தினாள். பொய் சொல்லியிருக்கலாம்; பொய் சொல்லவும் பயம். தொழிலை விட்டால் கப்பலிலிருந்து எப்போதோ வருவதை நம்பிக் கிடக்கவேண்டும், விடாவிட்டால் பிள்ளையோடு தெருவில் நிற்கவேண்டும். தோல்வியோடு திரும்பி வந்த அன்று, பக்கத்து வீட்டு செக்ரட்டேரியட் கிளார்க் வேலிக்கு மேலே கூப்பிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். மனுஷர் சட்டையை முகர்ந்து காட்டினார்.

“நான் உள்ளே போனதும் செக்ஷன்ல எல்லாருக்கும் பசிக்குதாம். பதினோரு மணிக்கே டிபன் பாக்ஸைத் திறக்கிறாங்க. சூப்பிரண்டு எனக்கு மெமோ தரப்போறார்.”

நீளக் குழாய்

கிளார்க் சிரித்தாரே தவிர, என் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. பாபு கேட்டதும் அப்போதுதான்: கிறிஸ்துமஸுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு சீஸும் மீனும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். செல்வராஜை வரவழைத்து, தோட்டத்தின் கடைசிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். மதிலை ஒட்டி பலா மரம், மதிலுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாத தென்னந்தோப்பு. பலாவடியில் செங்கல்லால் ஒரு பெட்டி கட்டுவோம், இரும்புக் கதவு, ரப்பர் கிடையாது, இடுக்கெல்லாம் களிமண். அடுப்பை எட்டத் தள்ளி ஒரு குழிக்குள் வைப்போம். நடுவில் குழாயை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் புகை வரும் வழியிலேயே ஆறிவிடும். குழியில் கொழுந்துவிட்டு எரிய வேண்டாம். தூளை அமுக்கிவைத்து ஓரத்தில் கங்கு வைத்தால் புகைந்துகொண்டே கிடக்கும். இறைச்சிக்குச் சூடு வேண்டுமென்றால் பெட்டிக்குக் கீழேயே கொஞ்சம் தணல். செல்வராஜ் தலையைச் சொறிந்தான். “எக்கா, இது பெட்டியில்ல, ரயில்வே லைனாக்கும்” என்றான். ஆனால் டீச்சர் ஊரில் இல்லாத இரண்டு நாளில் கட்டிக் கொடுத்தான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சீஸை அடுக்கினேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், புகை குளிர்ந்திருந்தது. விடிந்து வைத்தது சாயங்காலத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்தது, ஒரு துளிகூட உருகவில்லை. மேலே குழாயில் மெல்லிய நூல் போலப் புகை, தென்னந்தோப்புப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது படியில் செருப்புச் சத்தம். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வார், எங்கே போவேன்? டீச்சர் வராந்தாவைப் பார்த்தார், பிரிட்ஜ் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார், மூக்கை உயர்த்தி ஒரு தரம் இழுத்தார்.

“என்ன கொச்சே, இன்னைக்கு லீவா? மணம் ஒண்ணும் வரல்லியே. இப்படியே இருந்தா நீ எதுக்கு வீடு மாறணும்?”

லீவு இல்லை டீச்சர் என்று சொல்லி, பலாவடிக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கதவைத் தாமே சாத்திவிட்டு மாடிக்குப் போனார்.

புகை போடுகிற நாட்களில் அதுவரை நான் பின்கதவைத் தாழிட்டதே இல்லை. தீப்பிடித்தால் கிணற்றடிக்கு ஓட வழி வேண்டும் என்று திறந்தே போட்டுவிடுவேன். திறந்த கதவுக்குள் எவனும் வந்துவிடக்கூடாதே என்று விடியும்வரை விழித்துக் கிடப்பேன். அன்று ராத்திரி குழிக்கு மூடி போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. அம்மிக் குழவியால் நாலு இடி இடித்தேன். ஐந்தாவதில் உள்ளே போய் உட்கார்ந்தது. மாடியிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது: “இந்நேரத்துக்கு அது என்ன சத்தம் அவிடே? மனுஷர் உறங்கண்டாமா?”

ஆக, ஊரெல்லாம் புகை போட்டும் வீட்டைக் காப்பாற்றிக்கொண்ட நான், கடைசியில் டீச்சரிடம் திட்டு வாங்கியது கதவைத் தாழிட்டதற்காக.