முதல் பேஸுக்குப் பின்னால்

எங்கள் பக்கம் சாவு வீட்டில் பெண்கள் தெரு முக்கு வரைக்கும்தான் போகலாம். அங்கே பாடையை இறக்கி வைத்துத் திருப்பித் தூக்குவார்கள். பெண்கள் விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்கள் பாடு. எனக்கு இதில் அதுவரை ஒரு கேள்வியும் இருந்ததில்லை. என் அம்மாவைக்கூட அந்த முக்கில்தான் விட்டுவிட்டு வந்தேன். என் தோழி ஒரு நாள் ரயிலில் வைத்துக் கேட்ட பிறகுதான் அந்த முக்கு எனக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாகிவிட்டது.

அவளும் நானும் பேஸ்பால் ஆடினவர்கள். சொன்னால் சிரிப்பார்கள், தென்காசியில் பேஸ்பாலா என்று. ஆமாம், பேஸ்பால்தான். இலஞ்சிப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பி.டி. சார் வந்து சேர்ந்தார். கபடிக்கும் கோ-கோவுக்கும் ஊருக்கு ஊர் டீம் இருக்கிறது, இதற்கு ஆளே இல்லை, கொஞ்சம் ஆடினாலே மாநிலம் வரை போய்விடலாம், சர்டிபிகேட் கிடைத்தால் போலீஸ் வேலைக்கு ஆகும் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். எங்கள் வீடுகளில் போலீஸ், மிலிட்டரி என்றால் மறுபேச்சு கிடையாது. அப்படித்தான் தென்னந்தோப்புக்கும் நடவு வயலுக்கும் நடுவில் இருந்த மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.

முதல் நாள் அடித்த ஒவ்வொருத்தியும் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். தெருவில் அண்ணன் தம்பிகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படி ஓடும்? சார் எங்கள் பின்னாலேயே ஓடிவந்து, "மட்டையக் கீழ போட்டுட்டு ஓடுங்கட்டி, கோட்டிக்காரிகளா" என்று தொண்டை கிழியக் கத்தினார். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று சிரித்தார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பந்தை அடித்தவள் முதல் பேஸைப் பார்த்து ஓடுவாள். பந்தைப் பொறுக்கியவள் அந்தப் பேஸில் நிற்கிறவளுக்கு எறிவாள். ஓடுகிறவளுக்கு முன்னால் பந்து வந்துவிட்டால் அவள் அவுட். முதல் பேஸில் நின்றது நான். அடிக்கிறவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர் அவள். முகத்துக்குக் கம்பி மூடி, நெஞ்சுக்குப் பட்டை, காலுக்குப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பாள். குள்ளமாக இருப்பாள், உடம்பு கட்டாக இருக்கும்.

ஒரு நாள் சார் ஒரு சி.டி. கொண்டுவந்து கம்ப்யூட்டர் அறையில் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் நடந்த ஆட்டம். அதில் பேர் வாங்கின கேட்சர் ஒருத்தன் ஆடினான். அவன் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. அவன் அடித்த பந்து மக்கள் தலைக்கு மேலே போய் எங்கேயோ விழுந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னோம். இவள் மட்டும், "சார், அது வேண்டாம். முன்னாடி ஒன்னு வந்துச்சுல்லா, அதப் போடுங்க" என்றாள்.

சார் போட்டார். அதில் ஒன்றுமே இல்லை. யாரோ அடித்த பந்து தரையில் உருண்டு போனது, ஒருத்தன் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தான், அங்கே நின்றவன் பிடித்தான். அவ்வளவுதான். இவள் எழுந்து போய்த் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே அந்தக் கேட்சர் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, அத்தனை பட்டைகளோடும் மூச்சு முட்ட ஓடிப்போய் முதல் பேஸுக்குப் பின்னால் நின்றான். பந்து அவனிடம் வரவில்லை. திரும்பி நடந்து பழைய இடத்துக்கே வந்தான். கேமரா அவனைக் காட்டவே இல்லை, ஓரத்தில் தெரிந்தான்.

"இவன் எதுக்கு சார் ஓடுதான்?"

"எறிஞ்சது தப்பிப் போச்சுன்னா பிடிக்கதுக்கு."

"தப்பலையே சார்."

"எப்பமாவதுதான் தப்பும்."

"ஆனா இவன் ஒவ்வொரு மட்டமும் ஓடுதானே. நான் பாத்துட்டேதான இருக்கேன்."

சார் அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அதாம்ட்டி அவன் பெரிய பிளேயரு" என்றார். அவரும் அன்றைக்குத்தான் அதைக் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து இவள் ஓட ஆரம்பித்தாள். தரையில் பந்து உருண்டால் போதும், முகமூடி ஒரு பக்கம் பறக்கும், பட்டைகள் சளக் சளக்கென்று சத்தம் போட என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள். சாரல் நாளில் மைதானம் சேறாகக் கிடக்கும். அப்போதும் வருவாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும், அன்றைக்கும் இன்றைக்கும் அப்படித்தான். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு வெடித்துவிட்டேன்.

"ஏட்டி, எம்மேல நம்பிக்கை இல்லன்னா சார்ட்டச் சொல்லி வேற ஆளப் போடு. எதுக்கு என் முதுகுக்குப் பின்னாடி வந்து வந்து நிக்க?"

"நீ பிடிப்பன்னு தெரியும்" என்றாள்.

"பின்ன எதுக்கு வார?"

"பிடிக்கது ஒன் வேல. ஓடுதது என் வேல. சவத்த விடுட்டி, வா, தண்ணி குடிக்கப் போவோம்."

மாநிலப் போட்டியில் அரையிறுதி ஆட்டம். கடைசியாக ஒரே ஒருத்தியை அவுட் ஆக்கினால் போதும். பந்து நேராக என் கைக்குத்தான் வந்தது. கையுறையில் பட்டு, நழுவி, கால்களுக்கு நடுவே பின்னால் போய்விட்டது. எனக்கு உலகமே இருண்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த பேஸுக்குப் பாய்ந்த பெண்ணை அவள் எறிந்த எறி முந்திக்கொண்டது. நாங்கள் இறுதிப் போட்டிக்குப் போனோம். அதில் தோற்றோம், ஆனால் எல்லோருக்கும் சர்டிபிகேட் கிடைத்தது. அதை வைத்து ஒருத்தி போலீஸில் சேர்ந்தாள், ஒருத்தி காலேஜில் சேர்ந்து இப்போது பி.டி. டீச்சராக இருக்கிறாள், நான் அரசாங்க ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் செலக்‌ஷனில் உயரம் போதவில்லை என்று நிற்கவைத்து அளந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். எங்களைத் தூக்கிவிட்டவளை ஒரு அளவுகோல் கழித்துவிட்டது. அவள் ஒரு நாள் அழுதாள், மறுநாள் டிரைவிங் பழகப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மேலகரத்தில் ஆட்டோ ஓட்டினாள். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து குற்றாலம், குற்றாலத்திலிருந்து செங்கோட்டை. அவளுடைய சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவர். முழங்கால் போய் வீட்டில் இருந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அப்பாவைக் காட்டித் தட்டிக் கழித்தாள்.

டீமில் ஒருத்திக்கு வீட்டில் பிரச்சினை என்றால் வாசலில் அந்த ஆட்டோ நிற்கும். உள்ளே வந்து நியாயம் பேச மாட்டாள். வண்டியில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்து நாங்களும் பழகினோம். போலீஸ்காரியின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றால் நான் லீவு போட்டுப் போய் உட்காருவேன். என் வீட்டுக்கு எவளாவது வந்து உட்காருவாள். இதற்கெல்லாம் நாங்கள் பேர் எதுவும் வைக்கவில்லை.

என் முதல் பிரசவத்துக்கு வலி எடுத்தபோது வீட்டுக்காரர் வடக்கே மிலிட்டரியில் இருந்தார். அவள் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குற்றாலச் சீசன் நேரம், சவாரி கொட்டிக்கிடக்கிற நாள். "எனக்கு ஒன்னும் இல்ல, நீ போய்ப் பொழப்பப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். "ஒனக்கு ஒன்னும் ஆகாதுன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைதான் தங்கவில்லை. கொண்டுபோய்ப் புதைக்க வீட்டில் ஆண் ஆள் இல்லை. அவள் அப்பாதான் வந்தார். துணியில் சுற்றின என் பிள்ளையை அவர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, முழங்கால் வலியோடு மெல்ல நடந்து போக, அவள் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனாளாம். பொம்பளைப் பிள்ளை எங்கே வருகிறாய் என்று யாரோ கேட்டும் நிற்கவில்லையாம். என்னிடம் இதைச் சொன்னது அவள் இல்லை, அவள் அப்பா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. திருநெல்வேலிக்குப் போய் மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போனேன். தலைமுடி எல்லாம் கொட்டிவிட்டது. துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, "இப்பம் முகமூடி லேசா மாட்டலாம்ட்டி" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு நாள் ரயில் அம்பாசமுத்திரம் தாண்டி வயல்களுக்குள் போய்க்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நம்ம பக்கம் பொம்பளையாளுக முக்கு வரைக்கும்தான வருவாங்க?"

"எங்க?"

"சாவுல."

"வாயக் கழுவு" என்றேன்.

"இல்லட்டி, சும்மா யோசிச்சேன். அதுக்கு மேல எனக்குப் பின்னாடி யாரு வருவா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஒனக்கு ஒன்னும் ஆகாது" என்றேன்.

"தெரியும். ஆனாலும் நீ வருவியா?"

"வாரேன்ட்டி, வாரேன். போதுமா? பேசாம வா" என்று கத்திவிட்டேன். எதிர் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துப் பாவூர்சத்திரம் வரை தூங்கினாள்.

போன ஆனியில் அவள் போய்விட்டாள். நல்ல சீசன், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. டீமில் முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டோம். போலீஸ்காரி யூனிபார்மோடு வந்து, ஆள் பார்க்க விழுந்து அழுதாள். செத்தவளுடைய பழைய கேட்சர் கையுறையை யாரோ தலைமாட்டில் வைத்திருந்தார்கள். கொள்ளி வைக்கக் கூடப்பிறந்தவன் இல்லை, கட்டிக்கொண்டவன் இல்லை. அப்பாதான் கொள்ளிச்சட்டியைத் தூக்கினார். குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் எங்களுக்காக ஒதுங்கி நின்றன. அருவியில் குளிக்கத் தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முக்கு வந்தது. இறக்கினார்கள். விழுந்து கும்பிட்டோம். எழுந்து பார்த்தால் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் நடந்தேன். சொந்தக்கார அண்ணாச்சி ஒருவர் குறுக்கே கையை நீட்டினார்.

"பொம்பளையாளுக இதுக்கு மேல வரப்பிடாதும்மா."

"வாரேன்னு அவட்டச் சொல்லிருக்கேன் அண்ணாச்சி."

"அதெல்லாம் வழக்கமில்ல."

"வழக்கம் இல்லதான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கால் நிற்கவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டார்.

சுடுகாட்டுக்கு உள்ளே நான் போகவில்லை. மதிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். நிற்பதைத் தவிர நான் செய்ய அங்கே ஒரு வேலையும் இல்லை. குடம் உடைகிற சத்தம் கேட்டது. பிறகு, "திரும்பிப் பாக்காமப் போங்க, திரும்பிப் பாக்கப்பிடாது" என்று யாரோ சொல்வது கேட்டது. புகை ஈரத்தில் மேலே எழும்ப முடியாமல் மதிலைத் தாண்டி என் பக்கம் வந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், இனிப் போகலாம் என்று நினைத்தேன். அழக்கூட வரவில்லை.

மற்ற ஆண்கள் எல்லோரும் குளிக்கக் கால்வாய்ப் பக்கம் போய்விட்டார்கள். அப்போது அவள் அப்பா மட்டும் வாசல் வழியாக வெளியே வந்தார். மொட்டைத்தலை, நனைந்த வேட்டி. நேரே பார்த்தபடி என்னைத் தாண்டிப் போனார். திரும்பக் கூடாது என்பதற்காகக் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் மடங்கியது. ரோடு சகதியாகக் கிடந்தது. நான் கொஞ்சம் தள்ளி, அவர் பின்னாலேயே போனேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தைத் திருப்பவில்லை.

"பின்னாடி யாரு வாரது?"

"நான்தான் மாமா" என்றேன்.

அவர் அப்படியே நின்றார்.

"நீயா" என்றார். "காலடிச் சத்தம் கேட்டுச்சு. எம்மகதான் வாரான்னு நெனச்சுட்டேன்."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலேயே மறுபடி நடந்தார். வீடு வருகிற வரைக்கும் நான் அவருக்குப் பின்னாலேயே போனேன்.