பால் பிடிக்காத சசிக்கு அம்மா பாடிய பாட்டு

சசி அண்ணா, இஞ்சியும் கொத்தமல்லியும் சேர்ந்து அவியும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு அம்மாவின் கட்டிப்போன தொண்டைதான் ஞாபகம் வரும். முதல் நாள் எங்கேயாவது "கேதம்" என்று சாவு வீட்டில் பாடப் போயிருந்தால் மறுநாள் காலையில் அம்மாவுக்குப் பேச்சு வராது, அந்தக் கசாயம்தான் அடுப்பில் கொதிக்கும். கையைக் காட்டித்தான் நம்மை எழுப்புவார், கையைக் காட்டித்தான் பல் விளக்கச் சொல்லுவார். நீ அந்தக் கைச்சாடையை அப்படியே திருப்பிச் செய்து என்னைச் சிரிக்க வைப்பாய், அம்மாவும் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டே அகப்பையை ஓங்குவார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கவும் தெரிந்தவர். கூலிக்குப் பாடுகிறவர் இல்லை. யாராவது இறந்துவிட்டால், கேதம் சொல்ல வருகிறவர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்று, "அக்காவ வரச் சொன்னாங்க" என்பார். அம்மா கூடையை இறக்கிவைத்து, முகம் கழுவி, பழைய சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டுக்கு வருவார், அதனால் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. மற்றப் பிள்ளைகள் அம்மாவோடு திருவிழாவுக்கும் மாத்தளை டவுனுக்கும் போன கதை சொல்லுவார்கள். நானும் அண்ணாவும் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு அதிகமாகப் போனது "எழவு வீடு"களுக்குத்தான்.

போன உடனே அம்மா பாடமாட்டார். முதலில் அந்த வீட்டுப் பெண் ஒருத்தியைப் பின்பக்கம் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு காதாகக் கேட்பார். "வூட்ல என்னான்னு கூப்புடுவீங்க? எத வச்சா இன்னொரு கரண்டி கேப்பாரு? கோவம் வந்தா என்னா செய்வாரு?" அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்லச் சொல்ல அம்மா தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். அண்ணா என் காதில் வந்து, "இந்தா பாரு, அம்மா செத்தவருக்கு இன்டர்வியூ எடுக்குது" என்பான். நான் சிரித்துவிடுவேன், சிரித்ததற்கு அவனே என் தொடையில் கிள்ளி, "எழவு வூட்ல சிரிக்கிறா பாரு, வெக்கங்கெட்டவ" என்று பெரியவர்களைப் போல முகத்தை வைத்துக்கொள்வான்.

அப்படிப் போன வீடுகளில் எனக்கு இன்றைக்கும் மறக்காதது கீழ் டிவிசன் பார்வதி அத்தையின் வீடு. அவருடைய மகன் மூர்த்தி, அண்ணாவின் வயதுதான், காய்ச்சலில் போய்விட்டான். பார்வதி அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் எல்லாரும் அவரைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு "மகனே, மகனே" என்று பாடினார்கள், நாங்கள் சின்னப் பிள்ளைகள்கூட அழுதோம், அத்தை மட்டும் யாருடைய வீட்டுச் சாவுக்கோ வந்தவர் போல இருந்தார். அம்மா அடுப்படியில் விசாரித்துவிட்டு வந்தார். அந்தப் பையனுக்குப் பெரியவனானால் பஸ் கண்டக்டராக வேண்டும் என்று ஆசையாம். சனங்கள் பஸ்ஸில் போடுகிற பழைய டிக்கட்டுகளைப் பொறுக்கி வந்து, வீட்டில் எல்லாருக்கும் கிழித்துக் கொடுப்பானாம். அம்மா பார்வதி அத்தையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பாட்டை எடுத்தார்.

"டிக்கட்டு கிழிக்காம என் ராசா – நீ
எந்த பஸ்ஸு ஏறிப் போன?
எறங்குற எடம் சொல்லாம – இந்தப்
பெத்தவள ஏத்தாம ஏன்டா போன?"

பார்வதி அத்தை போட்ட சத்தத்தில் வெளியே ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் ஓடி வந்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பாட்டைப் பற்றிப் படித்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பாட்டு ஏன் ஒருத்தரைப் போட்டு இப்படி அடிக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்: மகனே என்று பாடியபோது மற்ற எல்லாரும் அழுதார்கள், டிக்கட் என்று பாடியபோதுதான் பெற்றவள் அழுதாள்.

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் மலையிலிருந்து விழும் "பீலி"த் தண்ணீரில் தலை முழுகிய பிறகுதான் அம்மா எங்களைத் தொட விடுவார், அதற்கும் பிறகுதான் அடுப்பு மூட்டுவார். அன்றைக்கு அம்மா ஈரத் தலையோடு தேங்காய் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது அண்ணா பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டான்.

"அம்மா, நா செத்தா எனக்கு என்னா பாடுவ?"

அகப்பை அவன் முதுகில் விழுந்தது. "வாயக் கழுவுடா! வெளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சப் பாரு!"

உயிரோடு இருக்கிறவர் மேல் ஒப்பாரி வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கண்டிப்பு. வீட்டுக்குள் அந்த ராகத்தைச் சும்மா முனகினால்கூட ஏச்சு விழும். ஆனால் அண்ணா விடுகிறவன் இல்லை.

"சும்மா ரெண்டே வரி. ரொட்டிக்குக் கட்டசம்பல் கேக்குற ராசான்னு பாடு. நா போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒனக்கு நா கல்யாணப் பாட்டுதான்டா பாடுவேன். அதுக்கு மொதல்ல ஒருத்தி ஒன் மூஞ்சியப் பாத்து சம்மதிக்கணும்."

"அப்ப பாட்டே இல்லன்னு சொல்லு" என்று நான் நடுவில் விழுந்து சொன்னேன். அவன் என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். ஓடும்போது, "ஊர்ல உள்ள எல்லாப் பயலுக்கும் பாடுது, பெத்த மகனுக்கு மட்டும் இல்ல" என்று கத்தினான். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அதன் பிறகும் அவன் வளர்ந்து மீசை வந்த பிறகும்கூட அம்மா எங்கேயாவது பாடிவிட்டு வந்தால், "எனக்கு எப்ப?" என்று கேட்டு அடி வாங்குவான்.

போன மிளகுக் காலத்தில், பலாபத்வலப் பக்கம் ஒரு தோட்டத்தில் மிளகு பறிக்க அண்ணா போனான். மிளகுக் கொடி ஏறியிருந்த மரத்தில் இலைக்குள்ளே குளவிக்கூடு இருந்திருக்கிறது. கீழே நிற்கிறவர்களுக்கும் தெரியவில்லை, ஏணியில் ஏறியவனுக்கும் தெரியவில்லை. கூடு கலைந்து குளவிகள் எல்லாம் அவனைக் கொட்டிவிட்டன. நான் மாத்தளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன், போன் வந்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், நான் போய்ச் சேரும்போது அண்ணாவின் முகத்தை மூடிவிட்டார்கள். திறந்து பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள். நான் பார்த்தேன்.

எங்கள் லயத்துப் பாதை முழுக்க அண்ணாவின் கூட்டாளிகள் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அம்மா அண்ணாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அம்மா யார் யார் வீட்டில் பாடினாரோ அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள். "பாடிரு தாயி, அழுதுரு, நெஞ்சுக்குள்ளயே வச்சா வெடிச்சுப் போயிரும்" என்று கெஞ்சினார்கள். அம்மா ஒருதரம்தான் வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட இருந்த சொல்லு எல்லாத்தையும் அடுத்தவ புள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். இவனுக்குக் குடுக்க ஒண்ணும் இல்ல."

அதோடு சரி. தண்ணீர் குடிக்கவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டின மாதிரி எனக்குத் தெரியவில்லை. அண்ணாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கவில்லை, அம்மாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இப்படியே அழாமல் இருந்து அம்மாவும் போய்விடுவார், அப்பாவும் நானும் இரண்டு பேரையும் சேர்த்துப் புதைக்க வேண்டி வரும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பார்வதி அத்தை வந்தார். வந்தவர் நேரே என் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா கேட்கிற அதே மாதிரி என் காதோடு, "அவன் எதடி விரும்பித் தின்னான்? கோவம் வந்தா என்னா செய்வான்? சொல்லு கண்ணு" என்று கேட்டார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் விம்மல்தான் வந்தது, ஒரு சொல் வரவில்லை. அத்தை கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைக்கும் பாடுகிற பொதுப் பாட்டையே எடுத்தார்.

"பசும்பால் குடிச்சு வளந்த ராசா – இப்பப்
பாடையில படுத்தியேடா ராசா..."

அம்மாவின் தலை நிமிர்ந்தது.

"அவன் பால் குடிக்க மாட்டான்."

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

"சின்னதுலேருந்தே குடிக்க மாட்டான். வாயில வச்சா கக்கிருவான். சாயத்தண்ணிதான் குடிப்பான். தெரியாட்டி ஏன்டி பாடுற?" அம்மா அதை ஏசுகிற மாதிரிச் சொன்னார், தேயிலை நிரையில் யாரோ கொழுந்தைப் பிழையாகக் கிள்ளிவிட்டால் ஏசுகிற அதே குரல். பின்னாலிருந்து யாரோ அழுகையோடு சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அவன் பாலைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது கண்ணுக்குள் வந்தது.

பார்வதி அத்தை கோபப்படவில்லை. "எனக்கு எப்புடித் தெரியும் அக்கா? அவன் ஒன் மகன். நீ சொல்லு" என்றார்.

அம்மா அண்ணாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரல் வந்தது, கரகரவென்று, கிணற்றுக்குள் இருந்து வருவது போல.

"பால வச்சா மொகஞ்சுளிப்ப எம் மகனே – நாளைக்குப்
பாலூத்தச் சொல்வாங்களே என்ன செய்வேன்?
ஏணியில ஏறையில என்ன நெனச்ச – நீ
எறங்கி வர்ற வழிய ஏன்டா மறந்த?"

அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவில்லை. கட்டசம்பல் வந்தது, என்னைக் கிள்ளினது வந்தது, அப்பா வாங்கி வந்த சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டே படுத்துத் தூங்கினது வந்தது, எல்லாம் வந்தது. பெட்டியைத் தூக்குகிற வரைக்கும் பாடினார், அழுதார், பார்வதி அத்தை கொடுத்த தண்ணீரையும் குடித்தார். அந்தப் பாட்டைக் கேட்க எல்லாரையும்விட ஆசைப்பட்டவன் அங்கே கேட்காமல் படுத்திருந்தான்.

மறுநாள் புதைகுழியில் பால் ஊற்றுகிற சடங்கு. மாமா, அம்மாவின் அண்ணன், செம்பில் பாலோடு கிளம்பியபோது அம்மா ஒரு போத்தலை நீட்டினார். பால் கலக்காத வெறும் தேநீர், எங்கள் "சாயத்தண்ணி".

"இதென்னா தங்கச்சி, பால்தான் மொற" என்றார் மாமா.

"மொற ஒங்களுக்கா, அவனுக்கா?"

மாமா போத்தலை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "பால அப்புடியே கொண்டாந்துட்டேன்மா. ஒன்னோடதத்தான் ஊத்தினேன்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

இப்போது அம்மா எந்தச் சாவு வீட்டிலும் பாடுவதில்லை. பாவம் என்று யாரும் கூப்பிட வருவதும் இல்லை. போன மாதம் கீழ் டிவிசனில் ஒருத்தர் இறந்தபோது போனை ஸ்பீக்கரில் மாட்டி ஒப்பாரிப் பாட்டுப் போட்டார்கள். யாரோ எங்கேயோ யாருக்கோ பாடினது, இறந்தவருடைய வீட்டுப் பெயர் அதில் இல்லை, அவருக்குப் பிடித்த கறி இல்லை, அவருடைய கோபமும் இல்லை. மாத்தளைக்குப் போகும் பஸ்ஸிலும் தினமும் சோகப் பாட்டுகள்தான் போடுகிறார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டு எதற்கென்றே தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி அழுவேன். இப்போது அவை என் மேல் படாமல் போகின்றன. அம்மா பாடியதை யாரும் போனில் பதிந்து வைக்கவில்லை. எனக்குச் சில வரிகள்தான் ஞாபகம் இருக்கிறது, அதையும் அம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா என்னிடம் தினமும் கேட்பது ஒன்றுதான். "குளவி கொட்டுறப்ப அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா புள்ள?" "இல்லம்மா" என்று சொல்கிறேன், அம்மா நம்புவதில்லை, மறுநாள் திரும்பவும் கேட்கிறார். இதைப் படித்த நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ புத்தர் இருக்கிற பன்சலைக்கோ போகிறவரோ, யாராக இருந்தாலும் சரி, அடுத்த தரம் போகும்போது எங்கள் சசிக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேறொன்றும் கேட்க வேண்டாம். இப்போது அவன் இருக்கிற இடத்தில் அவனுக்கு வலி இருக்கக்கூடாது என்று மட்டும் எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.