நவ்வாஃபின் கொடுக்கும் வாய்

"நல்ல கடிகாரம்" என்று கறிக்கடைக்காரர் சொல்லி வாய் மூடவில்லை, நவ்வாஃப் அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "உங்களுக்கே தந்தேன், எடுத்துக்குங்க." கடைக்காரர் மறுக்க வேண்டும், மறுத்தார். இவர் மறுபடி நீட்ட, அவர் மறுபடி மறுக்க, கடிகாரம் பழைய மணிக்கட்டுக்கே திரும்பியது. ஸல்த் என்ற அந்த அரபு ஊரில் எல்லோர் வாயிலும் வருகிற உபசார வார்த்தைதான் இது. மற்றவர்கள் உதட்டால் சொல்வார்கள், நவ்வாஃப் மனதாரச் சொல்வார். வம்பே அதில்தான்.

அப்படிப் போனவை ஒரு குடை, ஆட்டுத்தோல் மேலங்கி, கூண்டோடு இரண்டு குருவிகள். "இந்த மனுஷன் அழகா இருக்கார்னு இதுவரை யாரும் சொல்லல. அதான் இன்னும் நம்ம வீட்ல இருக்கார்" என்பாள் அவர் மனைவி ரிஹாப்.

நவ்வாஃபுக்கு மின்சாரக் கம்பெனியில் மீட்டர் பழுது பார்க்கிற வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் கிடக்கும். தன் பழைய சின்னக் காரோடு பேசுகிற பழக்கமும் உண்டு. மேட்டுத் தெருவில் அது மூச்சு வாங்கினால், "இன்னும் கொஞ்சம்டா கண்ணு, மசூதி வரைக்கும்" என்று கெஞ்சுவார். அதற்குள் நான்கு மகள்களும் இறங்கி நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.

மூன்று பேர் உட்காரும் பின்சீட்டில் நான்கு பெண்கள். மூத்தவள் ஸஃபா வளர்ந்து, முழங்கால் முகவாயில் இடிக்க ஆரம்பித்த பிறகு, வெள்ளிக்கிழமை ஆலிவ் தோப்புக்குப் போகும்போது "நான் படிக்கணும்" என்று வீட்டிலேயே தங்கிவிடுவாள். அங்கே கறி சுடும்போது ரிஹாப் அவள் பங்கைத் தனியே எடுத்து வைப்பாள். ஆறு பேரும் ஒன்றாய்ப் போய் எவ்வளவு நாளாயிற்று என்று விரல்விட்டு எண்ணுவாள்.

இந்த வருஷம்தான் வழி பிறந்தது. கார் விற்கிற ஏஜென்சியோடு கம்பெனி ஓர் ஏற்பாடு செய்தது. நீண்ட நாள் ஊழியர்களுக்குப் பெரிய தள்ளுபடி. ஆயுளில் ஒரே ஒரு தடவை. ஊழியர் வாங்கலாம், அல்லது ரத்த உறவுக்கு விட்டுக் கொடுக்கலாம். அந்தத் தள்ளுபடி இல்லாமல் ஏழு பேர் அமரும் கார் அவர்களுக்குக் கனவில்கூட எட்டாது. "வெளியில மூச்சு விடாதீங்க, அபூ ஸஃபா" என்று, ஸஃபாவின் அப்பா என மூத்தவள் பெயரால் அழைத்து, ரிஹாப் கைபிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

சத்தியம் ஒரு வாரம் தாங்கியது. நவ்வாஃபின் பெரியப்பா மகன் ராத்திப் வீட்டுக்கு வந்து, "தள்ளுபடி கெடச்சிருக்காமே தம்பி, கொடுத்து வெச்சவன்டா நீ" என்றார்.

"உங்களுக்கே தந்தேன் அண்ணே."

ராத்திப் மறுக்கவில்லை. "நெஜமாவா சொல்றே? பையனுக்குக் கல்யாணம் வருது. நல்லா இருப்பே" என்றார். மென்றுகொண்டிருந்த ஏலக்காய் நவ்வாஃபின் வாயில் அப்படியே நின்றுவிட்டது. சொன்ன சொல்லை அண்ணனிடம் திரும்பக் கேட்பதைவிட அவர் நாக்கையே அறுத்துக் கொடுத்துவிடுவார். சமையலறை வாசலில் நின்ற ரிஹாப், காப்பித் தட்டை மகள் கையில் கொடுத்துவிட்டாள்.

காப்பி கொண்டு வந்தவள் ஸஃபா. ராத்திப்புக்குக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு கோப்பையோடு எதிரே அமர்ந்தாள். அதைக் குடிக்காமல் தரையில் வைத்தாள்.

அது அந்த ஊர் வழக்கம். காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். கேட்டதைத் தருவதாகச் சொல்லும்வரை குடிக்கமாட்டார். பெண் கேட்க வருகிறவர்களும், பகை தீர்க்க வருகிற பெரியவர்களும் செய்வது. வீட்டுப் பெண் விருந்தாளியிடம் செய்து யாரும் பார்த்ததில்லை.

ராத்திப் மீசையைத் தடவினார். "என்னம்மா வேணும்?"

"வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு எடம் வேணும், பெரியப்பா. கார்ல."

அவர் நவ்வாஃபைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் நீண்ட கால்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கப்பன் வாயால கெட்டான், நீ காப்பியில வாய் வெக்காமலே ஜெயிச்சுட்டே. ஆறிப் போறதுக்குள்ள குடி தாயி. கேட்டது உனக்குத்தான்."

கார் வந்த வெள்ளிக்கிழமை, சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையை யாரும் கிழிக்கக் கூடாது என்று நவ்வாஃப் உத்தரவு போட்டார். ஆறு பேரும் ஏறினார்கள். உறை சரசரத்தது. ஸஃபா ஜன்னலோரம் காலை நீட்டி அமர்ந்தாள். ரிஹாப் திரும்பித் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்ட கறி சுடும் அடுப்பை எடுத்துவர நவ்வாஃப் கீழே இறங்கிய நேரம், எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"அடேயப்பா, என்ன அழகு கார்."

ரிஹாப் கண்ணை மூடிக்கொண்டாள். காதில் விழுந்தது அந்தக் குரல்: "உங்களுக்கே தந்தேன், எடுத்துக்குங்க."

கண்ணைத் திறந்தாள். நவ்வாஃபின் வலது கை நெஞ்சின் மேல் இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் ஜன்னலுக்குள் நுழைந்து, சாவியை ஸஃபாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிக்கொண்டிருந்தது.