கோகர்ணத்துக்குப் புறப்பட்ட ஆம்னி

உமேஷின் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். கையிலிருந்த நல்ல வேலையை முதலில் விட்டவனும் அவனே. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்த மூன்று வருடத்தில் அவனுக்கு ஒரு நண்பன்கூடச் சேரவில்லை. பெட்டியே சீட்டாடிச் சிரிக்கும். அவன் மட்டும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பிறரோடு பழகுவது எப்படி என்று யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

கேரவனில் ஊர் சுற்றுகிறவர்கள் இறங்கிய இடமெல்லாம் சிநேகம் பிடிப்பதை யூடியூபில் பார்த்தான். பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டான். கோகர்ணம் வரை போக வேண்டும். திரும்பும்போது ஒரு நண்பனாவது இருக்க வேண்டும்.

"இன்னாடா இது, பால் வண்டியா?" என்றாள் அம்மா கங்கம்மா.

"கேரவன்மா. இதுலயே படுத்துக்கலாம்."

"இன்னாத்துக்கு? வூட்ல கட்டில் கீதே."

முதல் நாள் பேத்தமங்களா ஏரிக்கரையில் நிறுத்தினான். தங்கவயலில் நந்திதுர்க் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர். ஒத்திகை என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

அங்கே ஏற்கெனவே ஒரு நிஜக் கேரவன் நின்றது. கோயம்புத்தூர்க்காரர்கள்: மனோகர், அவர் மனைவி அமலா. அவனைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

"எந்தூருங்க தம்பி?"

"பெங்களூரு. ரெண்டு வாரமா ரோட்லதான் இருக்கேன்."

மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போய் ஆம்னியின் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

அதன்பின் பேச்சு நின்றுபோயிற்று. எதையாவது கேட்க வேண்டுமே என்ற பதற்றத்தில், தங்கவயல்காரன் வாயில் தானாக வரும் கேள்வி வந்துவிட்டது.

"நீங்க எந்த லைனு?"

"டெக்ஸ்டைல் லைனுங்க."

"அது இல்லீங்க. வூடு எந்த லைன்ல?"

அமலா கணவரைப் பார்த்தாள். "வீட்டுக்கு ஏதுங்க லைனு?"

சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளுக்கு லைன் என்று பேர், ஒருவர் யாரென்று அறிய எங்கள் ஊரில் அதைத்தான் முதலில் கேட்போம் என்று விளக்கினான். பட்டதாரி அல்லவா, விளக்கம் நன்றாகவே வந்தது. 'எங்கள் ஊரில்' என்றபோதுதான் தனக்கே குழி தோண்டிக்கொண்டிருப்பது புரிந்தது. பரம்பரைத் தொழில் விடுமா?

"அப்ப உங்க வீடு?" என்றார் மனோகர்.

"பத்து கிலோமீட்டர்" என்றான், டீ டம்ளரைப் பார்த்தபடி.

இனி மெத்தையைச் சுருட்ட வேண்டியதுதான் என்று நினைத்தான். அமலாவோ எழுந்தே விட்டாள். "குளிக்க எடமிருக்குதுங்களா கண்ணு? டேங்க்ல தண்ணி தீந்து ரெண்டு நாளாச்சு. தலையெல்லாங் கசகசங்குது."

லைனுக்குள் கேரவன் நுழையவில்லை, முனையிலேயே நின்றது. வேடிக்கை பார்க்க எல்லா வீடுகளும் வெளியே வந்தன. கங்கம்மா வெந்நீர் போட்டாள். சாயங்காலத்துக்குள் அமலா ஈரத்தலையோடு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருட ரயில் செய்யாததை ஒரு அண்டா வெந்நீர் செய்துவிட்டது, அதுவும் அம்மாவுக்கு.

காலையில், "நாங்களும் கோகர்ணந்தான் போறோம், நீங்களும் வாங்கக்கா" என்று அமலா கூப்பிட்டதும் கங்கம்மாவைத்தான்.

"எனுக்கு எங்கம்மா நேரம்? இவன இட்னு போங்க. நல்ல புள்ளதான். கொஞ்சம் பொய் சொல்வான், அதுவும் ஒழுங்கா வராது."

மனோகர் ஆம்னியின் ஜன்னலருகே குனிந்தார். "முன்னால போறீங்களா தம்பி? வழி தெரியுமில்லீங்க?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"தெரியாதுங்க."

"அப்பப் பின்னால வாங்க" என்றார் மனோகர்.