மேல் வீட்டு மீட்டர்

எங்கள் மாடிப்படிக்குக் கீழே இரண்டு மின்சார மீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று கீழ் வீட்டுக்கு, இன்னொன்று மேல் வீட்டுக்கு. மகனுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் மாடியில் ஒரு ஹாலும் ஒரு அறையும் சமையற்கட்டும் எழுப்பி, மகன் பேரிலேயே தனி மீட்டரும் வாங்கி மாட்டினார். திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். பிள்ளைக்குப் பெண்டாட்டி வந்துவிட்டால் ரேஷன் கார்டு இரண்டாகும், கேஸ் இணைப்பு இரண்டாகும், மீட்டரும் இரண்டாகும். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு மீட்டருக்கும் முதல் நூறு யூனிட் இலவசம். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் பில் எகிறிவிடும். துறைமுகத்தில் காலமெல்லாம் மூட்டையும் பெட்டியுமாகக் கணக்குப் பார்த்த மனுஷனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த வருஷம் மகன், மருமகள், பேரன் மூன்று பேரும் சோழிங்கநல்லூர் பக்கம் வாடகைக்குப் போனார்கள். "கம்பெனிக்குப் போய்வர்றதுக்குள்ள உயிரு போவுதும்மா. ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றான். சென்னையின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்குத் தினமும் போய்வருவது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். பழைய டிவியையும் அடுப்பையும் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வருகிறவர்கள்தானே விட்டுவிட்டுப் போவார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வருவது அவருடைய பென்ஷனில் பாதி. மகன் மாசாமாசம் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். யாரிடமும் கை நீட்டி வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. பக்கத்து வீட்டில் கிண்ணத்தில் குழம்பு கொடுத்து அனுப்பினாலும் "எங்க வீட்ல இருக்கு" என்று திருப்பி அனுப்புகிற ஜாதி நான். திமிர் பிடித்தவள் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கென்ன.

அதனால் சிக்கனத்தில் இறங்கினேன். அரிசி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பானையை இறுக மூடிப் பழைய போர்வையில் சுற்றி வைத்துவிடுவேன். தானாக வெந்து கிடக்கும். பருப்பைக் காலையிலேயே ஊறவைத்துவிட்டால் குக்கரில் ஒரு விசில் போதும். காப்பி ஒரு தடவைதான் போடுவது, மிச்சம் ஃபிளாஸ்கில். ஃபிரிட்ஜை அணைத்து, கரப்பான் அண்டாமல் இருக்க அதற்குள் பருப்பு டப்பாக்களை அடுக்கினேன். சாயங்காலமானால் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கடல் காற்றுக்குப் பில் கிடையாது, தெருவிளக்குக்கும் கிடையாது. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரியை எரித்துக் கரண்ட் காய்ச்சுகிறார்கள், சாம்பல் மட்டும் நமக்கு ஓசியில் வந்து திட்டுத்திட்டாக ஜன்னலில் படிகிறது. கரண்டுக்குக் காசு கேட்கிறார்கள். நல்ல நியாயம்!

சிலிண்டர் போடுகிற ஆள் ஒரு நாள் கேட்டே விட்டார். "இன்னாம்மா, போன தபா நீ புக் பண்ணி எத்தினியோ மாசமாச்சு. வூட்ல சமைக்கிறியா, இல்ல ஓட்டல்ல துன்னுறியா?"

"காத்தக் குடிச்சிக்கினு இருக்கேன். நீ சிலிண்டர எறக்கி வெச்சிட்டுப் போ" என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தால் சீ என்று ஆகிவிட்டது. நான் சிக்கனம் என்று பீற்றிக்கொண்டதில் பாதி சிக்கனமே இல்லை. வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒருத்திக்கு எவ்வளவு கேஸ் செலவாகும்? பாத்ரூம் லைட்டை அணைக்காமல் வருகிறவன் இல்லை, கதவைத் திறந்து போட்டு ஃபிரிட்ஜுக்குள் எட்டிப் பார்க்கிறவன் இல்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் மிச்சம் பிடிப்பது ஒரு வித்தையா?

மேல் வீட்டில் மெயின் சுவிட்சையே இறக்கி வைத்திருந்தேன். அங்கே ஒரு யூனிட்கூட வீணாகக் கூடாது என்பது என் எண்ணம். அதுதான் வினையானது.

இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வருகிற ஆள் மேல் வீட்டு மீட்டரை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, போன தபாவும் இதே நம்பருதான். இந்தத் தபாவும் அப்டியே கீது. மேல காலியா?"

"யாருய்யா காலின்னு சொன்னது? எம்புள்ள குடும்பம் இருக்கற வூடு. ஊருக்குப் போயிருக்காங்க."

"கோச்சிக்காதம்மா. ஆளு இல்லாத வூட்டுக்கு எதுக்குத் தனி மீட்டருன்னு ஆபீஸ்ல கேக்கறாங்கோ. ரெண்டையும் ஒண்ணாக்கிடுவாங்கோ. அட்த்த தபா ஓடியிருந்துச்சின்னா நான் இன்னாத்துக்குக் கேக்கப் போறேன்?"

அவர் போய்விட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. காசுக்காக இல்லை. கீழே நானே நூறு யூனிட்டைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் எனக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. ஆனால் அந்த மீட்டர் போய்விட்டால் மேலே என் மகன் வீடு என்று ஒன்று இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு அவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து நின்றால் என்ன சொல்வேன்? என் வீட்டுக்காரர் ஆசையாக மாட்டிய மீட்டர். அதை நான் கழற்றவிட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் மேலே போய் மெயினைத் தூக்கிவிட்டேன். ஹாலில் ஃபேனைப் போட்டேன். ஆளில்லாத ஹாலில் ஃபேன் சுற்றுவதைப் பார்க்க வயிறு எரிந்தது. கீழே நான் புழுக்கத்தில் அட்டையை வைத்து விசிறிக்கொள்கிறேன், மேலே யாருக்கு இந்த ராஜ உபசாரம்? இருந்தாலும் விட்டுவிட்டு வந்தேன். ஃபேன் ஒன்று போதாது என்று தோன்ற டியூப்லைட்டையும் போட்டேன். அதுவும் போதாது என்று டிவியைப் போட்டேன். மொட்டைமாடியில் பழைய டிஷ் இருந்தது, இலவச சேனல்கள் வரும்.

டிவியைப் போட்டுவிட்டுக் கீழே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். தலைக்கு மேலே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள், யாரோ ஒரு பெண்பிள்ளை சண்டை போட்டாள், நடுவில் ஒரு குழந்தை எதற்கோ கத்தியது. தளம் தடுத்ததால் வார்த்தை புரியவில்லை, சத்தம் மட்டும்தான். மகன் இருந்தபோதும் எனக்கு இப்படித்தான் கேட்கும். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்றைக்கு எனக்குப் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு மீட்டருக்காகத்தான் போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய். காலையில் எழுந்ததும் மேலே போய் டிவியைப் போட்டால்தான் எனக்குப் பல் விளக்கவே ஓடும் என்றாகிவிட்டது. கீழே ஒரு பல்பை மிச்சம் பிடித்து, மேலே ஒரு வீட்டையே எரியவிட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுக்காரிக்குக் காது கூர்மை. அவள் புருஷன் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் போகிறவர். ஒரு நாள் கேட்டில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னாக்கா, மேல டிவி சத்தம் கேக்குது. புள்ள வந்துகிறானா?"

"ஆமா" என்றேன். என் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. திருப்பி விழுங்க முடியவில்லை.

"குட்டியும் வந்துகிறானா?"

"லீவு விட்டுட்டாங்கல்ல."

அன்றைக்கு மத்தியானமே பாத்திரத்தில் மீன் குழம்பு கொண்டுவந்தாள். நான் "எங்க வீட்ல..." என்று ஆரம்பிப்பதற்குள், "உனக்கு யாரு குடுத்தா? குட்டிக்குக்கா. முள்ளு எட்த்துட்டுக் குடு" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். பேரனுக்கு என்று கொடுத்ததை எப்படித் திருப்புவது? பிறகு நெத்திலி வறுவல் வந்தது. இறால் வந்தது. கேரியரில் பணியாரம் வந்தது. "குட்டி துன்னானா?" என்று கேட்பாள். "தட்டை வழிச்சித் துன்னான்" என்பேன். கதவைச் சாத்திக்கொண்டு, மேலே டிவி கத்த, என் பேரனுக்கு வந்ததையெல்லாம் நான் ஒருத்தி தின்றேன். அவள் கை மணம் சும்மா சொல்லக்கூடாது. ஆனால் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை.

ரீடிங்காரர் வந்தார். "இப்ப ஜோரா ஓடுதும்மா" என்று குறித்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் மகன் போன் செய்தான்.

"அம்மா, மேல் வீட்டு பில்லு என் போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. எப்பவும் ஜீரோதான் வரும். இப்ப நூறு யூனிட்டத் தாண்டியிருக்கே? யாராச்சும் கொக்கி போட்டு இழுக்கறானா?"

பில் மெசேஜ் அவன் நம்பருக்குப் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. "எனக்கென்னடா தெரியும்" என்றேன்.

"நீ எதையும் தொடாத. ஞாயித்துக்கிழமை நான் வந்து பார்க்கறேன்."

எத்தனையோ பண்டிகைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வேலை என்பான், டிராஃபிக் என்பான். கரண்ட் திருட்டு என்றதும் வருகிறான். கோபமும் வந்தது, வருகிறானே என்று சந்தோஷமும் வந்தது. சனிக்கிழமையே இஞ்சி பூண்டு அரைத்து வைத்தேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நான் கோயிலிலிருந்து வந்தபோது அவன் மாடியில் நின்றுகொண்டிருந்தான். கிளம்பும் அவசரத்தில் நான் எதையும் அணைக்கவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆளே இல்லாத வீட்ல எதுக்கும்மா இதெல்லாம் ஓடுது?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

"நீங்க இருக்கற மாதிரி சத்தம் கேக்கும்டா" என்றேன்.

அவன் டிவியை அணைத்தான். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். நானும் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அங்கயே ஃபிளாட் புக் பண்ணிட்டோம்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தள்ளிப் போட்டுக்கினே இருந்தேன். நாங்க இனிமே இங்க வரமாட்டோம். நீ அங்க வந்துடும்மா."

அங்கே போய் ஒரு வாரம் இருந்து பார்த்தவள்தான் நான். விடிந்ததும் எல்லோரும் ஓடிவிடுவார்கள். நடைபாதையில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். அங்கேயும் நான் ஒருத்திதான். இங்கேயாவது திட்டுவதற்குத் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். "நான் வரலடா" என்றேன். "எழுந்து வா, கறி வெச்சிருக்கேன், சாப்புடு."

அவன் சாப்பிட்டான். மேல் மீட்டர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது.

அந்த வாரமே கரண்ட் ஆபீஸுக்குப் போனேன். பில் கட்டுகிற கூட்டம் வாசல் வரை நின்றது. கவுன்ட்டரில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மேல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல" என்றேன்.

வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. "சத்தமாச் சொல்லும்மா, கேக்கல."

"யாரும் இல்லம்மா! எம்புள்ள இனிமே வரமாட்டான். ரொம்ப நாளா மேல யாருமே இல்ல!"

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால், வரிசையில் எனக்கு நேர் பின்னால் எதிர்வீட்டுக்காரி, கையில் பில் பணத்தோடு. குட்டிக்கு முள் எடுத்துக் கொடுக்கச் சொன்னவள். எனக்கு முகம் எரிந்தது. காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"அத்த ஏன்க்கா இம்மாஞ் சத்தமா சொல்ற? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே" என்றாள். "மேல கொடியில ஒரு சின்ன சட்டகூட காயல. எனக்குக் கண்ணு இல்லியா?"

"தெரிஞ்சிக்கினா இவ்ளோ நாளு குடுத்த?"

"உம்பேரச் சொல்லிக் குடுத்தா நீ வாங்குவியா? மூஞ்சிய திருப்பிக்கினு அனுப்பிடுவ. குட்டி பேரச் சொன்னா வாங்கிக்கின. சரி, எப்டியோ துன்னட்டும்னு வுட்டுட்டேன்." அவள் குரல் இறங்கியது. "இப்ப ஊருக்கே சொல்லிட்ட. இனிமே யாரு பேரச் சொல்லிக்கா நான் குடுக்கறது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை.

"எம்பேரச் சொல்லியே குடுடி" என்றேன்.

என் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் பில் கட்டி முடிக்கும் வரை அங்கேயே ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். தனியாக வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.