மணிக்குத் தெரிந்த வழி

கார்டன் ரீச்சில் அக்காவின் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கங்கைக்கரையோடு போய், கடைத்தெரு வழியாகத் திரும்பினால் அரைமணி நேரம். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் சொன்னபடி, அத்தான் தினமும் நாய் மணியோடு நடக்கும் சுற்று இது. இன்று அவருக்குக் காலை டியூட்டி. அக்காவும் நானும் குழந்தைகளும் மணியைக் கூட்டிப் போகிறோம்.

படித்துறையில் அக்கரை போகும் லாஞ்சுக்கு ஆட்கள் நிற்கிறார்கள். காற்று சுகமாக இருக்கிறது.

திரும்பும்போது ஒரு மிட்டாய்க்கடை பெஞ்சருகே மணி உட்கார்ந்துவிடுகிறது. இழுத்தாலும் அசையவில்லை. கடைக்காரர் தொன்னையில் இரண்டு ரசகுல்லாவோடு வந்து, "அண்ணன் வரலையா? அவருக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு, தினமும் இப்படித்தான்" என்று வங்காள மொழியில் சொல்கிறார்.

அக்கா வாங்கி, இரண்டையும் மணிக்கே போடுகிறாள்.

சாயங்காலம் அத்தான், "நடை எப்படி இருந்தது?" என்கிறார்.

"மணிக்கு வழி நல்லாத் தெரியுது" என்கிறாள் அக்கா.

அத்தான் மெல்ல மணியைப் பார்க்கிறார்.